நூறிலேயே நின்ற பேட்டரி

மருந்து உரிமை உறுதிப்பாட்டு ஆணையம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு ஏழு மாடிக் கட்டடமும் ஏழு மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு கழுகு பொறித்த அரசு முத்திரையும் கொடுத்த பிறகு, அலெக்ஸாந்திரியாவில் நோயாளியாக இருப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. முன்பெல்லாம் நோய் வந்தால் போதும், மருந்து கிடைத்துவிடும். இப்போது நோய் வந்திருப்பதை ‘கூடவே இருக்கோம்’ என்கிற கைபேசிச் செயலி நம்பவேண்டும். அதுவோ சந்தேகப் பிராணி.

ஃபிக்ரி இந்தச் செய்தியை அரசு மருந்தகத்தின் சுவரில்தான் முதலில் படித்தான். முஹர்ரம் பெக் பேட்டையில் கல்யாண அழைப்பிதழ்களும் கடைப் பலகைகளும் கணினியில் வடிவமைத்துக் கொடுக்கிறவன் அவன். ஐம்பத்தாறு வயது. எழுத்து நேராக நிற்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் இடுங்கிப்போனவன். சுவரில் இப்படி எழுதியிருந்தது: ‘செயலி இன்றி மருந்து இல்லை. செயலி இயங்கும் கைபேசி இல்லாதவர்கள், விலக்கு கோரிச் செயலியின் மூலம் விண்ணப்பிக்கலாம்.’ ஃபிக்ரி மூன்று தடவை படித்தான். எழுத்து நேராகத்தான் நின்றது.

அவன் மனைவி இன்ஸாஃபுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. அவளுக்குப் போடுகிற ஊசிமருந்து வெளிக்கடைகளில் வருவது நின்று ஒரு மாதமாகிறது. கேட்டால், “வந்தா சொல்றோம் பாஷா” என்று மரியாதைப் பட்டம் கொடுத்துச் சொல்வார்கள், வராது. அரசு மருந்தகம் ஒன்றுதான் கதி. வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில், வெள்ளைப் பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில், மூன்று பேனா ஊசிகள் இருந்தன. ஒன்று ஒரு வாரத்துக்கு வரும். ஆக மூன்று வாரத்துக்குள் செயலியை நம்பவைத்தாக வேண்டும்.

ஃபிக்ரியிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைபேசி. பேசலாம், கேட்கலாம், கோபம் வந்தால் தூக்கிப் போடலாம். அதற்கு மேல் அது எதையும் கற்றுக்கொள்ளவில்லை. புதிது வாங்குவதென்றால் நாலு மாதத்துக்கு அவித்த மொச்சையை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுக்கவேண்டும். எதிர்வீட்டுக்காரருடையதை இரவல் வாங்கிப் பார்த்தான். ‘இந்தக் கைபேசியில் ஏற்கெனவே ஒரு நோயாளி குடியிருக்கிறார்’ என்று செயலி சொல்லிவிட்டது.

வேறு வழி இல்லாமல்தான் அவன் கணினிக்குள் ஒரு கைபேசியைக் குடிவைத்தான். இது ஒன்றும் மந்திரம் இல்லை. கணினிக்குள் இல்லாத ஒரு இயந்திரத்தை இருப்பதாகக் கணினியை நம்பவைக்க வேண்டும். அந்த இல்லாத இயந்திரத்துக்குள் கைபேசியின் இயங்குதளத்தை ஏற்றவேண்டும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, திரையின் நடுவில் நீளவாக்கில் ஒரு கைபேசி முளைத்து, மணி காட்டி, வணக்கம் சொன்னது. தேநீர்க் குவளையோடு பின்னால் நின்று இன்ஸாஃப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னது இது?”

“மொபைல்.”

“எங்க?”

“இதோ, திரைக்குள்ள. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொய் மெஷின் இருக்கு. அதுக்குள்ள மொபைல் ஓடுது. தான் நிஜ மொபைல்னுதான் அதுக்கு நினைப்பு.”

“அதுகிட்ட உண்மைய யாரும் சொல்லலையா?”

“சொன்னா ஓடாது.”

இன்ஸாஃப் தேநீரை ஒரு வாய் குடித்தாள். “முப்பது வருஷத்துல என்கிட்ட எத்தனையச் சொல்லாம விட்டிருக்கியோ” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செயலி உள்ளே வந்து உட்கார்ந்ததும் விசாரணையைத் தொடங்கியது. முதல் கட்டளை: ‘கைபேசியைக் கையில் பிடித்துக் காற்றில் எட்டுப் போடவும்.’ இதிலேயே நகரத்தில் பாதிப் பேர் விழுந்திருந்தார்கள். செயலி வெளிநாட்டில் வாங்கியது. அது எதிர்பார்த்தது இரண்டு வளையம் வைத்த எட்டு. இங்கே, அரபி எழுத்தில், எட்டு என்றால் கூரை மாதிரி இரண்டு கோடு, அவ்வளவுதான். டிராம் நிறுத்தங்களிலும் காப்பிக்கடை வாசல்களிலும் நோயாளிகள் நின்று காற்றில் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். செயலி ‘மீண்டும் முயல்க’ என்றது. அவர்கள் இன்னும் பெரிய கூரையாகப் போட்டார்கள்.

ஃபிக்ரி அச்சுத்தொழில்காரன், இரண்டு எட்டும் தெரியும். பொய் இயந்திரத்துக்கென்று ஒரு கட்டுப்பாட்டுப் பலகை இருந்தது. அதில் கைபேசியின் படத்தைச் சுட்டியால் பிடித்து ஆட்டினால், உள்ளே இருக்கிற கைபேசி தன்னை யாரோ ஆட்டுவதாக நினைத்துக்கொள்ளும். இரண்டு வளைய எட்டைப் பதினோரு தடவை போட்ட பிறகு, ‘எட்டு ஏற்கப்பட்டது’ என்று வந்தது. அவனுக்கு பள்ளி இறுதித்தேர்வு பாஸான நாளில்கூட இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

அடுத்து வீட்டின் படம் கேட்டார்கள். அவன் கணினியில் கேமரா கிடையாது. கேமரா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பதற்குள் செயலி தானே படம் பிடித்துவிட்டது. பொய் இயந்திரம், கேமரா கேட்டவர்களைச் சும்மா அனுப்பக்கூடாது என்று, தனக்குள்ளேயே ஒரு கற்பனைக் கூடத்தை வரைந்து வைத்திருந்தது. நீள சோபா, சுவரில் குளிர்காயும் அடுப்பு, தரைவிரிப்பில் சாம்பல்நிறப் பூனை. ‘நன்றி. உங்கள் இல்லம் அழகாக உள்ளது’ என்றது செயலி. ஃபிக்ரி அதைத் திரும்பப் பெற ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று தேடினான். இல்லை.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. ‘உங்கள் விண்ணப்பம் சந்தேகத்தின் மூன்றாம் படிக்கு உயர்த்தப்பட்டுள்ளது. வாழ்த்துகள்.’ அதற்குள் ஒரு பேனா தீர்ந்து இரண்டாவது திறந்தாகிவிட்டது.

ஆணையத்தின் நாலாம் எண் சாளரத்தில் மதாம் அவாதிஃப் முலூகிய்யா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இலையைக் கிள்ளி ஒரு பக்கமும் காம்பை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே அவன் கோப்பைத் திரையில் திறந்தாள்.

“உஸ்தாத் ஃபிக்ரி, உங்க மொபைல் பேட்டரி ஒன்பது நாளா நூறு சதவீதத்துல நிக்குது.”

“நல்லதுதானே மதாம்?”

“எங்க டைரக்டரோடதே சாயங்காலம் பதினஞ்சுக்கு வந்துடும். ஒரு தடவை கூட உங்க மொபைல் கீழ விழலை. ஒருத்தரும் அதுக்குப் பேசலை. ஒரு அடி நகரலை. ராத்திரி புரண்டுகூடப் படுக்கலை. இதுக்கு ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு மொபைல் செத்திருக்கணும், இல்ல வச்சிருக்கிறவர் செத்திருக்கணும்.”

“நான் இங்கதானே நிக்கிறேன்.”

அவாதிஃப் அவனை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். “இங்க அப்படி வரலையே” என்றாள்.

ஃபிக்ரி உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தான். கைபேசி கணினிக்குள் இருக்கிறது, கணினி மின்சாரத்தில் இருக்கிறது, அதனால் பேட்டரி இறங்காது, வீட்டு மூலையை விட்டு நகராது. எல்லாவற்றையும் விளக்கினான். அவள் கீரையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அரசு அலுவலகத்தில் கீரையை நிறுத்திவிட்டு ஒருவர் கேட்கிறார் என்றால் விஷயம் கைமீறிவிட்டது என்று பொருள்.

“அப்போ மொபைலை நேர்ல கூட்டிட்டு வாங்க. கூடவே ரெண்டு நகல், கழுகு முத்திரையோட.”

“எதோட நகல் மதாம்?”

“மொபைலோட. பின்பக்கமும் தெளிவா விழணும்.”

இரண்டு நாள் கழித்து ஃபிக்ரி கணினிப் பெட்டியையும் திரையையும் போர்வையில் சுற்றி டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்தான். வாசலில் காவலாளி ஜாபிர் தடுத்தார். ஆணையத்துக்குள் கைபேசி கொண்டுபோகக்கூடாது. வாசலில் சின்னச் சின்ன அறை வைத்த மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் பித்தளை வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். கைபேசி வழியாகத்தான் எல்லாம் நடக்கவேண்டும் என்று சொல்கிற ஆணையத்துக்கு உள்ளே கைபேசி ஆகாது.

“இது என்ன பாஷா?”

“மொபைல்.”

“மொபைல்னா உள்ள போகக்கூடாது. இந்தப் பெட்டியில போடுங்க.”

“இது இந்த ஓட்டையில நுழையுமா ஜாபிர்? சரி, கம்ப்யூட்டர்னு வச்சுக்கோ.”

“கம்ப்யூட்டர்னா தாராளமா உள்ள போகலாம். ஆனா வெளிய வராது. உள்ள இருந்து வெளிய வர்ற கம்ப்யூட்டர் எல்லாம் அரசாங்கத்தோடதுன்னு உத்தரவு. போன வருஷம் மூணு காணாமப் போச்சு, அதுலேருந்து.”

இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். ஜாபிர் கெட்டவர் இல்லை. மருமகளுக்கும் சர்க்கரைதான். நன்றாக யோசித்து அவரே ஒரு வழி சொன்னார்: கணினியை உள்ளே கொண்டுபோகலாம், அதற்குள் இருக்கிற கைபேசியை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போகவேண்டும். ஃபிக்ரி அவர் முகத்தைப் பார்த்தான். அதில் கேலி எதுவும் இல்லை. கணினிப் பெட்டியிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுக்கிற மாதிரி எடுத்து, மரப்பெட்டியின் ஓர் அறையில் வைத்தான். ஜாபிர் அந்த அறையைப் பூட்டி முப்பத்தொன்றாம் எண் வில்லையைக் கொடுத்தார்.

“வரும்போது மறந்துடாதீங்க பாஷா. இங்க நிறையப் பேர் விட்டுட்டுப் போயிடுறாங்க.”

உள்ளே அவாதிஃப் கணினிப் பெட்டியை நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல் படுக்கவைக்கச் சொன்னாள். தாளில் கறுப்பாக ஒரு சதுரமும் மூலைக்கொரு திருகும் விழுந்தன. புரட்டிப் போட்டார்கள், காற்றாடித் துளை விழுந்தது. ஏழு மாடிக்குமான கழுகு முத்திரை அப்போது ஆறாம் மாடியில் இருந்தது. அது இறங்கி வர இரண்டு மணி நேரமாயிற்று. இரண்டு தாளிலும் ஓங்கிக் குத்திவிட்டு அவாதிஃப் தள்ளிவைத்துப் பார்த்தாள்.

“பின்பக்கம் ரொம்ப நல்லா வந்திருக்கு. இப்பத்தான் ஆள் அடையாளம் தெரியுது” என்றாள். “இனிமே வீட்டைப் பார்க்கணும். குழு வரும். அப்புறம் மருந்துதான், இன்ஷா அல்லாஹ்.”

வெளியே வரும்போது ஃபிக்ரி மரப்பெட்டியிலிருந்து ஒன்றுமில்லாததை எடுத்துக் கணினிக்குள் வைத்தான். வேறு யாருடையதையாவது எடுத்துவிட்டானா என்று ஜாபிர் குனிந்து சரிபார்த்தார். பிறகு பதிவேட்டில் கணினியைக் ‘கைபேசி உறை, கனமானது’ என்று எழுதி வெளியே விட்டார்.

ஐந்தாம் நாள் குழு வந்தது. குழு என்றால் மதாம் அவாதிஃபும், அளவு நாடா வைத்திருந்த பொறியாளர் ஹில்மியும். செயலி பிடித்த படத்தைப் பெரிதாக அச்செடுத்து, அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். ஃபிக்ரியின் கூடத்தின் நடுவில் நின்று அட்டையைத் தூக்கிப் பிடித்து, அதையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“சோபா எங்க?” என்றார் ஹில்மி.

“அது கம்ப்யூட்டரே வரைஞ்ச படம், பொறியாளரே. கேமரா இல்லாததனால—”

“நான் கேட்டது சோபா.”

“இல்ல.”

“குளிர்காயற அடுப்பு?”

“அலெக்ஸாந்திரியாவுல யார் வீட்டுல இருக்கு?”

“அதான் எங்களுக்கும் சந்தேகம். இவ்வளவு வசதியானவருக்கு எதுக்கு அரசாங்க மருந்துன்னு.” ஹில்மி சுவருக்குச் சுவர் நாடாவை இழுத்தார். “மூணரை மீட்டர். படத்துல எட்டு மீட்டர். மீதி நாலரை மீட்டரை என்ன பண்ணீங்க?” சுவரைத் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் பதிலுக்குத் தட்டினார். ஹில்மி அவாதிஃபை அர்த்தத்தோடு பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

“பூனை எங்க?”

“பூனை கிடையாது.”

“எப்பப் போச்சு?”

அதுவரை நாற்காலியில் காலை நீட்டிப் பேசாமல் உட்கார்ந்திருந்த இன்ஸாஃபுக்குப் பொறுக்கவில்லை. “வந்தாத்தானேப்பா போறதுக்கு” என்றாள்.

ஹில்மி அவள் பக்கம் திரும்பினார். “இவங்க யாரு?”

“என் மனைவி. இவங்களுக்குத்தான் மருந்து. இவங்கதான் நோயாளி.”

ஹில்மி அட்டையை வெளிச்சத்தில் பிடித்து மூலைமூலையாகப் பார்த்தார். “படத்துல இவங்க இல்லையே.”

“அந்த வீட்டுக்கு என்னை யாரும் கூப்பிடலை” என்றாள் இன்ஸாஃப்.

குழு புதினாத் தேநீர் குடித்தது, சீனி போதவில்லை என்றது, கட்டிலுக்கு அடியில் பூனையைத் தேடிவிட்டுப் போனது. அட்டையை மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இன்ஸாஃப் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள், திரைச்சீலையைப் பார்த்தாள், அடுப்பின் மேலிருந்த பூச்சாடியைப் பார்த்தாள்.

“ஃபிக்ரி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. இது யார் வீடு?”

“அல்லாஹ் மேல ஆணையா, யார் வீடும் இல்ல இன்ஸாஃப்.”

“யாரோ ஒருத்தி நல்லாத் துடைச்சு வச்சிருக்கா” என்றாள் அவள். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் தீர்ப்பு செயலிக்கு வந்தது. ஃபிக்ரி அதைப் பெரிதாக்கிப் படித்தான். ‘படத்தில் காணும் இல்லம் செயலியால் உறுதிசெய்யப்பட்டது; ஆகவே உண்மையானது. நேரில் பார்வையிட்ட இல்லம் செயலியில் இல்லை, ஆகவே ஐயத்துக்குரியது. பூனை மறைக்கப்பட்டுள்ளது. நோயாளி எனக் கூறப்படும் இன்ஸாஃப் என்பவர் உண்மையான இல்லத்தில் காணப்படவில்லை. அவர் இல்லை எனக் குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

அவன் எழுந்து குளிர்பதனப் பெட்டியைத் திறந்தான். கடைசிப் பேனா இரண்டு நாளுக்குத்தான் இருக்கவேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது. முதலில் சந்தோஷப்பட்டான், பிறகுதான் புரிந்தது.

“இன்ஸாஃப், அளவைக் குறைச்சுப் போடறியா?”

“இல்லையே.”

“என்கிட்ட பொய் சொல்லாதே.”

“எனக்கு அவ்வளவு வேண்டியிருக்கலை” என்றாள் அவள், கண்ணைத் தேய்த்துக்கொண்டே. நாலு நாளாகவே கண் மங்குகிறதென்று சொல்லிக்கொண்டிருந்தாள், தொலைக்காட்சிப் பெட்டி பழசாகிவிட்டது என்று அவன் நினைத்திருந்தான். முழு அளவை அவனே திருகி வைத்து, பக்கத்தில் நின்று போடவைத்தான். மறுநாள் காலை சட்டைக்கு இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு, ஏழாம் மாடிக்கு, தலைமை இயக்குநரைப் பார்க்கப் போனான்.

டாக்டர் ஷிர்பீனியின் அறையில் சாளரத்தை விடப் பெரிதாகச் சான்றிதழ்கள் மாட்டியிருந்தன. அவருக்கு எதில் டாக்டர் பட்டம் என்று எந்தச் சான்றிதழும் சொல்லவில்லை. மேசைமேல் கணினித் திரை, அதன் முதுகு மட்டும் வருகிறவர்களுக்குத் தெரியும்படி.

“உட்காருங்க உஸ்தாத். உங்க கோப்பைப் பார்த்தேன், மனசு கஷ்டமாப் போச்சு. எங்ககிட்ட நாப்பதாயிரம் பயனாளிங்க இருக்காங்க. தொண்ணூத்தி ஒன்பது சதவீதம் பேர் ரொம்ப ரொம்பத் திருப்தி. மீதி ஒரு சதவீதம் ரொம்பத் திருப்தி. ஒருத்தர் வரிசையில நின்னதில்ல, ஒருத்தர் சாளரத்துல வந்து கத்தினதில்ல, ஒருத்தர் என் நேரத்தை எடுத்துக்கிட்டதில்ல. எல்லாருக்கும் பேட்டரி நிறைய இருக்கு. எங்களுக்கு வர்ற தொந்தரவெல்லாம் வெளியிலேருந்து வர்ற நோயாளிங்களாலதான்.”

ஃபிக்ரி வாயைத் திறக்கப் போனான். அப்போது அவர் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்த சான்றிதழின் கண்ணாடியில் அவன் பார்வை விழுந்தது. அதில் அவர் திரை தெரிந்தது. வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கைபேசிகள், நீளவாக்கில், திரை நிறைய. ஒவ்வொன்றின் தலையிலும் நூறு சதவீத பேட்டரி. ஒவ்வொன்றாக ஐந்து நட்சத்திரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. ஓரமாக இருந்த சிலவற்றில் வீட்டுப் படம் திறந்திருந்தது. நீள சோபா, குளிர்காயும் அடுப்பு, தரைவிரிப்பு. கண்ணாடியில் இடம்வலம் மாறியிருந்தாலும் ஃபிக்ரி அச்சுத்தொழில்காரன் அல்லவா, ஒரு பார்வையில் பிடித்துவிட்டான்.

“பூனை உங்ககிட்டதான் இருக்கா?” என்றான்.

டாக்டர் ஷிர்பீனி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வரும்போது குரல் மாறியிருந்தது.

“யார் அனுப்பினாங்க உன்னை? தணிக்கையா? பத்திரிகையா?”

“என் பொண்டாட்டி.”

“அவங்க எந்தத் துறை?”

“வீட்டுல இருக்காங்க. மூணு நாள்ல ஊசி தீருது.”

“நம்பமாட்டேன். யாருக்காவது மருந்து வேணும்னு ஒருத்தன் மொபைலையே உண்டாக்குவானா? கணக்குக் காட்டத்தான் உண்டாக்குவாங்க.”

ஃபிக்ரி பேசாமல் இருந்தது டாக்டர் ஷிர்பீனியின் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்காமலே எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்தார்.

“நிஜ ஜனங்களை வச்சுத்தான் தொடங்கினோம், உஸ்தாத். எங்க நோக்கம் சுத்தம். ஆனா ஜனங்க எட்டுலயே நின்னுட்டாங்க. மூணு மாசத்துல எத்தனை பேர் தேறினாங்க தெரியுமா? பதினாலு. அதுல ஒன்பது பேர் இந்தக் கட்டடத்துலயே வேலை பார்க்கிறவங்க. திறப்பு விழாவுக்கு மந்திரி வர்றாரு, பதினாலுன்னு சொல்ல முடியுமா? நாட்டோட மரியாதை என்ன ஆகறது?”

“அப்போ அந்த நாப்பதாயிரம் பேரோட மருந்து?”

“மாசாமாசம் டாண்ணு வருது. ஒரு ஊசி குறையாது. கீழ்த்தளத்துல குளிர் அறை நிறைஞ்சு, இப்போ என் கார் நிறுத்தற இடத்துல ரெண்டாவது கட்டறோம். அவங்க வந்து வாங்கிக்கறதில்ல. அது அவங்க இஷ்டம். அதுல நான் தலையிட முடியாது.”

ஃபிக்ரிக்கு வந்த ஆத்திரத்தில் மேசையோடு அவரைப் புரட்டியிருப்பான். கீழே ஏழு மாடி தள்ளி மருந்து குவிந்து கிடக்கிறது; வீட்டில் அவள் அதைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று நாள் என்பதை நினைத்துக்கொண்டு கையை மடியில் வைத்தான்.

டாக்டர் ஷிர்பீனி இப்போது அவனை வேறு மாதிரிப் பார்த்தார். “உன் மெஷின்ல எட்டு ஒழுங்கா விழுந்திருக்கே, எப்படி? எங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் உட்கார்ந்து சுட்டியால போடறாங்க. அறுபது மொபைல் ஓடினா கம்ப்யூட்டர் மூச்சு வாங்குது. அடுத்த வாரம் மந்திரி திரும்ப வர்றாரு. இன்னும் பத்தாயிரம் பேர் வேணும்.”

“நான் பண்ணித் தரேன். பேட்டரி இறங்கற மாதிரியும் பண்ணித் தரேன், சந்தேகம் வராது. என் மனைவிக்கு மருந்து வேணும்.”

“அது முடியாது.”

“ஏன்?”

“அவங்க இல்லைன்னு குழு எழுதிடுச்சு. கழுகு முத்திரை விழுந்துடுச்சு. இல்லாதவங்க பேர்ல மருந்து கொடுத்தா அது மோசடி, உஸ்தாத். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல என் மேல ஒரு கறை கிடையாது.” அவர் திரையில் எதையோ தேடினார். “ஆனா இதோ, நாதிரா அப்துல் மவ்லா. அறுபத்தொரு வயசு. சர்க்கரை. அதே மருந்து. உறுதி செய்யப்பட்டவங்க. பத்து மாசமா வந்து வாங்கலை. அவங்க சார்பா நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு.”

ஃபிக்ரி கையெழுத்துப் போட்டான். உறவுமுறை என்ற கட்டத்தில் ‘கணவர்’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதினான். கீழ்த்தளத்துச் சிப்பந்தி குளிர் அறைக் கதவைத் திறந்தபோது, தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து, தூசி தட்டி, “அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லுங்க” என்று கொடுத்தார்.

வீட்டில் இன்ஸாஃப் பெட்டியை வாங்கிக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்.

“நாதிரா யாரு?”

“யாரும் இல்ல.”

“அந்த வீட்டுக்காரியா?”

ஃபிக்ரி எல்லாவற்றையும் சொன்னான். கண்ணாடியில் தெரிந்ததை, கீழ்த்தளத்தை, கணவர் என்று எழுதியதை. எதையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து, மேலாடையை ஒதுக்கி, முழு அளவு ஊசியைப் போட்டுக்கொண்டு, பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்க கணக்குல இன்ஸாஃப் இல்ல?”

“இல்ல.”

“நாதிரா இருக்கா?”

“இருக்கா.”

“அடுத்த மாசம் நாதிராவும் இல்லைன்னு எழுதிட்டா?”

அவன் அதை நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தான். அவர்கள் எழுதக்கூடியவர்கள்தான். எழுந்து போய்க் கணினியின் முன்னால் உட்கார்ந்தான். பொய் இயந்திரம் ஒன்றைப் புதிதாக எழுப்பி, அதற்குள் ஒரு கைபேசியை ஏற்றி, அதற்குள் செயலியை இறக்கினான். பேட்டரியை அறுபத்திரண்டில் வைத்தான். எட்டுப் போட்டான். இன்ஸாஃப் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புதியவளுக்குப் பெயர் அவள்தான் வைத்தாள், வயதும் அவள்தான் சொன்னாள். நோய் என்ற கட்டம் வந்தது.

“சர்க்கரைதான் எழுதணும்” என்றான் ஃபிக்ரி. “இல்லைன்னா மருந்து வராது. சர்க்கரை எவ்வளவுன்னு கேக்குது. உனக்கு இருக்கிற அளவே போடட்டுமா?”

இன்ஸாஃப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாவம்” என்றாள். “கொஞ்சமாப் போடு.”